மன்னித்தவர் கையில் இரும்பு

அத்தியாயம் 14

அந்தப் புதன்கிழமை காலை, சிறைச்சாலையின் கட்டுப் போடும் அறைக்குள் வந்ததும் நர்ஸ் கத்தரிக்கோல்களை எண்ணினாள். ஏழு இருக்க வேண்டும், ஏழும் இருந்தன. அலமாரியைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இன்னைக்கும் எனக்குப் புத்தியைக் குடும். கை நடுங்காம பாத்துக்கும்."

முதல் வரி பதினொரு வருஷத்துப் பழக்கம். இரண்டாவது வரி சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

மூன்று வாரத்துக்கு முன்புதான் 'சோடா' இந்தச் சிறைக்கு மாற்றலாகி வந்தான். தடித்த கண்ணாடி போட்டவன், முன்பு வேன் ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிக்னலில், தன் வேனின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டான் என்பதற்காக, பைக்கில் வந்த ஒருவனை வீல் ஸ்பானரால் தலையில் அடித்தான். ஒரே அடி. அடிபட்டவன் மூன்று நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து செத்துப்போனான். அவன் நர்ஸின் ஒரே தம்பி.

தம்பி செத்த ஆறாம் மாதம் அப்பா சபையில் எழுந்து நின்றார். கண்ணாடி அறுக்கும் தொழிலாளி, மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். "என் பிள்ளையைக் கொன்னவனை நான் மன்னிச்சிட்டேன்" என்றார். சபையே அழுதது, கைதட்டியது. போதகர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அக்கம்பக்கத்துச் சபைகளெல்லாம் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டன. பேர் போய், 'மன்னிச்சவர்' என்பதே அவருக்குப் பேராகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. புதன்கிழமைதோறும், சோடா எந்தச் சிறையில் இருந்தாலும் அங்கே போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து நர்ஸ் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். தம்பியின் சட்டையில் அவன் வாசனை போவதற்குள் எப்படி ஐயா மன்னிக்க முடிந்தது?

போன வாரம் காய்ச்சலோடு சோடா இதே அறைக்கு வந்ததும், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்சம் அதிக நேரம் நின்றதும் வாசகர்களுக்குத் தெரியும். அன்று மாலையே வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டு மனுக் கொடுத்தாள். அது இன்னும் கண்காணிப்பாளர் மேஜையில்தான் கிடக்கிறது.

*

பத்தே முக்காலுக்குச் சமையற்கட்டில் சண்டை ஆரம்பித்தது.

முதலில் தட்டுகள் விழும் சத்தம், பிறகு விசில். பிறகு, ஒரே நேரத்தில் நூறு பேர் கத்தினால் வருமே, வார்த்தை இல்லாத ஒரு சத்தம். கம்பவுண்டர் வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், ரெண்டாம் பிளாக்கும் நாலாம் பிளாக்கும்! கட்டிலையெல்லாம் பிச்சு எடுத்துட்டாங்க!"

சொன்னவர் திரும்பி வரவில்லை. எந்தப் பக்கம் ஓடினாரோ தெரியவில்லை. அவர் செருப்பில் ஒன்று மட்டும் வாசலில் கிடந்தது.

அடுத்த நிமிஷம் இரண்டு கைதிகள் ஒருவனை இழுத்து வந்து வாசலுக்கு உள்ளே தரையில் போட்டுவிட்டு, வந்த வழியே ஓடினார்கள். கீழே கிடந்தவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடது காதில் பாதி இல்லை. வலது தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் தகட்டால் கீறியிருந்தது. ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது.

கட்டுப் போட முடியாத இடம் அது. பட்டை இறுக்கவும் வழியில்லை. அழுத்திப் பிடிக்கத்தான் முடியும். காஸ் துணியை மொத்தமாகச் சுருட்டிக் காயத்தில் திணித்தாள். அதன்மேல் தன் முழங்காலை ஊன்றி உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கினாள். பீறிட்டது நின்றது. எட்டி, கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினாள்.

"பேரு என்னடா?"

"அண்ணன்... அண்ணனைக் கூப்பிடுங்க..."

"யாரு உன் அண்ணன்?"

"மேஸ்திரி."

இரண்டாம் பிளாக் முழுவதையும் சுண்டுவிரலில் ஆட்டி வைப்பவன் மேஸ்திரி. சமையற்கட்டில் அவன் ஆட்கள் தகடு ஒளித்து வைத்திருந்ததைப் போன வாரம் ஜெயிலரிடம் சொன்னது சோடா. இன்றைய ரகளைக்கு விதையே அதுதான்.

கம்பிக் கதவுக்கு நேரே பதினைந்து அடியில் பார்வையாளர் கூடம். நீள மேஜை, நடுவில் கம்பி வலை, இரண்டு பக்கமும் பெஞ்சுகள். புதன்கிழமை, பார்வை நேரம். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பார்க்க வந்தவர்கள் வெளிக் கதவில் முட்டி மோதி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கடைசி ஆள் வெளியே விழுந்ததும் காவலர் கதவை அடித்துச் சாத்தினார்.

ஒருவர் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா.

"அப்பா!" என்றாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

*

கைதிகள் பக்கத்துக் கதவு மூன்றாவது உதையில் பெயர்ந்தது. முப்பது பேர் இருக்கும், கூடத்துக்குள் கொட்டினார்கள். கட்டில் கால், குழாய்த் துண்டு, பெஞ்சுப் பலகை, கையில் கிடைத்ததெல்லாம் ஆயுதம். அப்பாவுக்கு எதிர்ப் பெஞ்சில் இருந்த சோடாவை முடியைப் பிடித்து மேஜை மேல் இழுத்துப் போட்டார்கள். ஒருவன் அவன் முகத்தைக் கம்பி வலையில் வைத்துத் தேய்த்தான். கண்ணாடி தெறித்தது. இன்னொருவன் விலாவில் மிதித்தான். பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மேஸ்திரி நிதானமாக வந்தான். அதற்குள் அவன் ஆட்கள் அறுத்துத் தள்ளியிருந்த வலை வழியாக இந்தப் பக்கம் தாண்டினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அட, மன்னிச்ச பெரியவரு! நல்ல நாள் பாத்துதான் வந்திருக்கீங்க."

அப்பா மேஜை மேல் கிடந்த சோடாவையே பார்த்தார்.

"உங்க புள்ளையை இவன்தானே கொன்னான்? ஒரே அடின்னு சொன்னாங்க." மேஸ்திரி தன் கையிலிருந்த இரும்புக் கட்டில் காலை அவர் மடியில் வைத்தான். "ஊருக்காக மன்னிச்சீங்க, சரி. இங்க எவன் பாக்கறான்? போடுங்க ஒண்ணு. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

கூட்டம் சிரித்தது. கிழவர் கீழே போட்டுவிட்டு ஜெபம் பண்ண ஆரம்பிப்பார் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். நர்ஸும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

அப்பா எழுந்தார். இரும்பைக் கையில் எடைபார்த்தார். கண்ணாடி அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள் அதை இறுகப் பற்றின. வலை அறுந்த இடத்தில் மேஜையை ஒட்டிப் போய் நின்றார். சோடா தலையை நிமிர்த்தி, கண்ணாடியில்லாத கண்ணைச் சுருக்கி, யாரென்று பார்க்க முயன்றான்.

முதல் அடி தோளில் விழுந்தது.

சோடா அலறினான். கூட்டத்தின் சிரிப்பு சட்டென்று நின்றது.

கம்பிக்குப் பின்னால் நர்ஸ் வாயைத் திறந்தாள். கூப்பிட்டிருக்கலாம். பதினைந்து அடிதான், கத்தியிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று, இன்னொன்று, இன்னும் ஒன்று என்றது. தம்பியின் மூக்கில் செருகியிருந்த குழாய் ஞாபகம் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது அடி முன்கையில். எலும்பு முறிந்து கை தவறான இடத்தில் மடங்கியது.

நன்றாக வேண்டும்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. அது சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷமும்தான்.

மூன்றாவது அடி இடுப்பில். அப்பா குரல் அப்போதுதான் வந்தது. ஜெபமும் இல்லை, சாபமும் இல்லை. மாடு கத்துவது போல ஒரு சத்தம். நான்காவதற்கு இரும்பைத் தலைக்கு மேலே தூக்கினார். இது தலைக்குத்தான் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அந்த நேரத்தில் அவள் முழங்காலுக்குக் கீழே ஏதோ நழுவியது. கூடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பாரம் விலகியிருந்தது. சூடான ரத்தம் அவள் பாவாடையை நனைத்தது. குனிந்து பார்த்தாள். பாதிக் காதுக்காரனின் உதடு வெளுத்துவிட்டது.

வெட்கம் அவளைச் செவிட்டில் அறைந்தது. காலையில் புத்தி கேட்டாளே, அது வானத்திலிருந்து குரலாக வரவில்லை. முழங்காலுக்குக் கீழே ஈரமாக வந்தது. ரத்தம் போகும் இடத்தைப் பார், முதலில் அதை நிறுத்து, பிறகு மற்றதைப் பேசலாம். பதினொரு வருஷமாகச் செய்வதும் அதுதானே?

அவள் கத்தினாள். அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் அவளிடம் கேட்டிராத குரல்.

"மேஸ்திரி! உன் தம்பி இங்க சாகக் கிடக்கான்!"

கூடம் மொத்தமும் திரும்பியது. அப்பாவும் திரும்பினார். தூக்கிய இரும்பு தூக்கியபடியே நின்றது.

"எந்தத் தம்பி? சும்மா புளுகாதே."

"இடது காது பாதி இல்லாதவன். என் முழங்காலுக்குக் கீழே கிடக்கான். வர்றியா, இல்லை நீயே அவனுக்கு வாய்க்கரிசி போடறியா?"

*

மேஸ்திரி கதவுக்கு வந்தபோது அவன் நடையில் பழைய நிதானம் இல்லை.

"இடுப்புல செருகியிருக்கிற தகடு. வெளியே போடு."

போட்டான். அவள் ஒரு கையால் பூட்டைத் திறந்தாள். உள்ளே வந்தவன் தரையைப் பார்த்தான். "டேய் குட்டி... டேய்..."

"அழுகையெல்லாம் அப்புறம். முட்டி போடு. முஷ்டியை மடக்கு. இங்க." அவன் கையைப் பிடித்துத் தன் முழங்கால் இருந்த இடத்தில் வைத்தாள். "ரெண்டு கையாலயும். கதவை முட்டித் தள்ற மாதிரி அழுத்து. எடுத்தா, நூறு எண்ணறதுக்குள்ள போயிடுவான்."

அத்தனை பேரை ஆட்டி வைத்த கை இரண்டும் இப்போது ஒரு கிழிந்த தொடையில் மாட்டிக்கொண்டன. அவன் அசைய முடியாது.

"எவ்வளவு நேரம்?"

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்."

"எப்ப வரும்?"

"உன் கையிலதான் இருக்கு." அவள் அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். "வெளியே ஒரு உசிரு போச்சுன்னா போலீஸ் சுட்டுக்கிட்டேதான் உள்ளே வரும். அப்புறம் ஆம்புலன்ஸ் சாயங்காலம்தான். அதுவரைக்கும் இவன் தாங்க மாட்டான். உன் ஆளுங்களுக்குச் சொல்லு."

கூடத்திலிருந்து ஒருவன் கூவினான். "அண்ணே! இவனை முடிச்சுடவா?"

மேஸ்திரி கண்ணை மூடினான். நெற்றி வேர்வை தம்பியின் வயிற்றில் சொட்டியது.

"விடுங்கடா அவனை!" தொண்டை கிழியக் கத்தினான். "கீழே போடுங்கடா எல்லாத்தையும்! கேட்டைத் திறந்து விடுங்கடா!"

நர்ஸ் வெளியே நடந்தாள். பதினைந்து அடி. அவர்கள் விலகினார்கள். ஒருவன் மட்டும் வழியில் நின்றான். அவள் சட்டை முழுக்க இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவனும் விலகினான்.

அப்பா இன்னும் இரும்பை இறக்கவில்லை.

"அப்பா. குடுங்க."

"தம்பி... நம்ம தம்பியை..."

"தெரியும்ப்பா. குடுங்க."

கொடுத்தார். அவள் அதைத் தரையில் வைத்தாள். "இவனோட காலைப் பிடிங்க. நான் தோளைப் பிடிக்கிறேன். உடைஞ்ச கை ஆடாம தூக்கணும்."

மகனைக் கொன்றவனின் கால்களைப் பிடித்துக்கொண்டு அப்பா பின்புறமாக நடந்தார்.

*

காவலர்கள் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷம் ஐந்து பேர் அந்த அறையில் இருந்தார்கள். மேஸ்திரி முட்டி போட்டபடி தம்பியின் பேரை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நர்ஸ் சோடாவின் முன்கைக்கு இரண்டு மரப்பட்டை வைத்துக் கட்டினாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, ஆடாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள்தான் பிடிக்கச் சொன்னாள். வேறு ஆள் இல்லை.

"நான் மன்னிக்கலைம்மா" என்றார் அப்பா திடீரென்று. "அன்னைக்கு எழுந்திருச்சப்போ நிஜம்னுதான் நினைச்சேன். வீட்டுக்கு வந்து தம்பி செருப்பைப் பாத்ததும் போயிடுச்சு. ஆனா சபையில கைதட்டிட்டாங்களே! எப்படித் திருப்பி வாங்கறது?"

"அப்ப எதுக்கு வாரா வாரம் வந்தீங்க?"

"சில வாரம் இவன் இளைச்சிருக்கானான்னு பாக்க. சில வாரம் நிஜமாவே ஜெபம் பண்ண. எந்த வாரம் எதுக்குன்னு எனக்கே தெரியாது." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு எல்லாரும் ஓடினாங்க. நானும் ஓடியிருக்கலாம். இவனை என்ன பண்றாங்கன்னு பாக்கணும்னு உட்கார்ந்துட்டேன்."

படுத்திருந்த சோடா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். "எனக்குத் தெரியும் ஐயா. இளைச்சிருக்கானான்னு பாக்கற கண்ணு வேற மாதிரி இருக்கும்."

"தெரிஞ்சும் ஏன்டா என்னைப் பாக்க வந்தே? வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"வேற யாரும் வரலையே ஐயா."



கட்டின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நர்ஸ் சோடாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

"முதல் அடிக்கே நான் கத்தியிருக்கலாம். கத்தலை. வேணும்னுதான் கத்தலை. அதை நீ தெரிஞ்சுக்கணும்."

சோடா தலையை மெல்ல அசைத்தான்.

அப்பா மகளை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றரை வருஷமாகத் தன்னைப் பார்க்காமல் திரும்பிக்கொள்ளும் மகள் இப்போது திரும்பவில்லை. "உங்க மன்னிப்பை நான் நம்பவே இல்லைப்பா" என்றாள். "இப்ப சொன்னதை நம்பறேன். இதுல இருந்து ஆரம்பிக்கலாம்."

*

பாதிக் காதுக்காரனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்வரை அவன் அண்ணன் கையை எடுக்கவில்லை. விலங்கு மாட்ட வந்த காவலரிடம், "இருங்க சார், சிஸ்டர் சொல்லட்டும்" என்றான். ஆம்புலன்ஸ் போகும்போது உயிர் இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஜெயிலர் வந்தார். தொப்பியைக் காணோம், நெற்றியில் பிளாஸ்திரி.

"சிஸ்டர், காயப் பதிவேட்டை முடிச்சுக் குடுங்க. மேலே அனுப்பணும்."

அவள் எழுதினாள். சோடாவின் முறை வந்தது. தோள்பட்டை எலும்பு முறிவு, முன்கை இரட்டை எலும்பு முறிவு, இடுப்பில் கன்றல், விலா இரண்டு. அடுத்த கட்டம், 'காயம் ஏற்பட்ட விதம்'. பேனா நின்றது.

"கலவரத்தில்னு போடுங்க. எல்லாருக்கும் அதானே" என்றார் ஜெயிலர்.

"நான் கூட்டத்துல விழுந்துட்டேன் சார்" என்றான் சோடா கட்டிலிலிருந்து.

நர்ஸுக்கு அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. இரண்டே வார்த்தை, யாரும் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா பழையபடி முன்வரிசையில் உட்காரலாம். உட்கார்ந்து, இன்னொரு பொய்யை இன்னும் பத்து வருஷம் சுமக்கலாம்.

மூலையிலிருந்து அப்பா எழுந்து வந்தார். மகள் தோளில் கை வைத்தார்.

"விலா அவங்க பண்ணினது. தோளு, கை, இடுப்பு மூணும் நான். அப்படியே எழுதும்மா."

ஜெயிலர் முகம் மாறியது. "பெரியவரே, யோசிச்சுப் பேசுங்க. நான் காதுல வாங்கிட்டா அப்புறம் வாங்கினதுதான்."

"வாங்கிக்கோங்க சார். ஒரு தடவை அவசரப்பட்டு நல்லவன் பேரு வாங்கிட்டேன். அது போதும்."

அவள் கை நடுங்கியது. நடுக்கத்தோடேயே எழுதினாள். 'அடித்தவர்: பார்வையாளர், என் தந்தை. நான் நேரில் பார்த்தேன்.' கையெழுத்துப் போட்டாள். ஜெயிலர் வாக்குமூலத்துக்காக அவரை அழைத்துப் போனார். கூடத்தைத் தாண்டும்போது அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதுகு, பல நாள் கூன் நிமிர்ந்த முதுகு மாதிரி இருந்தது.

*

வெளி வாசலில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். செய்தி கேட்டுத் தையற்கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. மகளின் உடுப்பைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள்.

"என் ரத்தம் இல்லைம்மா. பயப்படாதே."

"அப்பா எங்கேடி?"

"உள்ளே. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை."

"ஸ்தோத்திரம்! அப்புறம் ஏன் வெளியே விடலை?"

நர்ஸ் அம்மாவைச் சுவரோரம் அழைத்துப் போனாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"கலவரத்துல அவனை அடிச்சது அப்பாதான்ம்மா. தம்பியைக் கொன்னானே, அவனைத்தான். கட்டில் காலால, மூணு அடி. கை உடைஞ்சு போச்சு. அப்பாவே ஒத்துக்கிட்டார், நானும் எழுதிக் குடுத்துட்டேன். கேஸ் வரும்."

அம்மா அழுவாள், தன்னைத் திட்டுவாள், தரையில் உட்கார்ந்துவிடுவாள் என்று எதிர்பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது. அம்மா வெகுநேரம் சிறைச்சாலை மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணுதானா?" என்றாள்.

நர்ஸுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"என்னம்மா?"

அம்மா மகளின் கையை உதறிவிட்டு, அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்க்கும்படி, இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

"மூணே மூணுதான் அடிச்சாரா?"